கனகாம்பரத்துக்குச் சேற்றில் ஓர் உறவு: பினாங்குக் கண்டல் காடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பாலிக் புலாவ் பக்கமோ நிபோங் திபால் பக்கமோ கண்டல் காட்டுக்கு ஆள் சேர்த்துக்கொண்டு போவது என் வழக்கம். நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியன். தாவரவியலைப் பட்டத்துக்காகப் படிக்கவில்லை, பிடித்துப்போய்ப் படித்தேன். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள், கோயில் இளைஞர்கள் வருவார்கள், சில வேளை பாட்டியோடு ஒரு முழுக் குடும்பமே வந்து இறங்கும். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. கொசுக்கடியில் நின்றுகொண்டு பதில் சொல்வதைவிட, உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

கண்டல் மரம் என்பது ஒரே இன மரமா?

இல்லை. மீனவர் என்கிறோம், அது தொழிலைச் சொல்லும் பெயர், வம்சத்தைச் சொல்லும் பெயர் அன்று. மீன் பிடிப்பவர் தமிழராகவும் இருக்கலாம், மலாய்க்காரராகவும் சீனராகவும் இருக்கலாம். கண்டலும் அப்படித்தான். உப்புத் தண்ணீர், காற்றுப் புகாத சேறு, நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் கடல் ஆகிய மூன்றையும் தாங்கிப் பிழைக்கக் கற்றுக்கொண்ட மரங்களுக்கெல்லாம் சேர்த்து வைத்த பெயர் அது. உலகில் ஏறத்தாழ 70 இனங்கள் இருக்கின்றன. அவை பதினைந்துக்கும் மேற்பட்ட தாவரக் குடும்பங்களிலிருந்து, வெவ்வேறு காலங்களில், தனித்தனியாகக் கடலோரத்துக்கு இறங்கி வந்தவை. ஊன்று வேர், மூச்சு வேர், தாய்மரத்திலேயே முளைவிடும் விதை என்று பார்ப்பதற்கு ஒன்றுபோல இருக்கின்றன. அந்த ஒற்றுமை இடம் கற்றுக்கொடுத்தது. இரத்த உறவு வேறு கதை.

அப்படியென்றால் யாருக்கு யார் உறவு?

இதற்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன், மன்னிக்க வேண்டும்.

கரையிலிருந்து கடலைப் பார்த்து நின்றால் முன்வரிசையில், பென்சில்களைச் சேற்றில் குத்தி வைத்ததுபோல மூச்சு வேர்களுக்கு நடுவே நிற்பது அபி-அபி. தமிழில் வெண்கண்டல், தாவரவியலில் அவிசென்னியா. மருத்துவ மேதை இப்னு சீனாவின் நினைவாக லின்னேயஸ் வைத்த பெயர். வெயில் காய்ந்த நாளில் இதன் இலையைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். உப்பு கரிக்கும். வேர் உறிஞ்சிய உப்பை இலையிலுள்ள நுண்சுரப்பிகள் வெளியே தள்ளுகின்றன. கண்ணை அருகில் கொண்டுபோனால் படிகங்கள் மினுக்குவதைக் காணலாம். இந்த மரம் எந்தக் குடும்பம் தெரியுமா? உங்கள் அம்மா தலையில் வைக்கும் கனகாம்பரத்தின் குடும்பம். ஆடாதொடையும் நிலவேம்பும் அதே குடும்பம்தான். பெண்கள் இதைக் கேட்டதும் மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். பூவில் ஒரு சாயல்கூடக் கிடையாது.

ஆற்று முகத்துக்குப் போனால் பெரெம்பாங் நிற்கும். தாவரவியலில் சொன்னரேஷியா. இது மருதாணிக் குடும்பம். மாதுளையும் இதே குடும்பம். இங்கே சாயல் உண்டு. மாதுளம் பழத்தின் தலையில் ஒரு கிரீடம் இருக்கிறதல்லவா? பூவின் புல்லிவட்டம் உதிராமல் தங்கியதுதான் அது. பெரெம்பாங் காயைப் பறித்துப் பாருங்கள். அதே நட்சத்திரக் கிரீடம் இங்கே காய்க்கு அடியில், தட்டுப்போல விரிந்திருக்கும். ஒரு முறை ஒரு பையன் கையில் மாதுளையோடு வந்திருந்தான். இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினேன். அதன்பின் நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னும் உள்ளே நீரே என்ற மரம், பீரங்கிக் குண்டுபோல உருண்டைக் காய் காய்ப்பது: வேம்பின் குடும்பம். தெருந்தும்: கடுக்காய், மருது, கடற்கரைச் சாலைகளில் நிழல் தரும் கெத்தாப்பாங் என்ற நாட்டுவாதுமை இவற்றின் குடும்பம். நிப்பா: தென்னை, பனை, பாக்கு ஆகியவற்றின் குடும்பம். டுங்குன்: செம்பருத்தி, பருத்தி, வெண்டை, ஏன், டுரியானின் குடும்பமும்கூட.

இடுப்பில் கைவைத்து நிற்பதுபோல வளைவேர் ஊன்றி நிற்கும் பாக்காவ், தமிழில் சுரபுன்னை, அதற்கு மட்டும் நம் வீட்டில் உறவு கிடையாது. அடுத்த குடும்பம் தென்னமெரிக்காவின் கோக்கா செடி. கொக்கைன் எடுப்பார்களே, அது. பிள்ளைகள் முன் இதைச் சொல்லலாமா என்று யோசித்துவிட்டு, எப்போதும் சொல்லிவிடுவேன்.

இந்த உறவையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

முன்பு கண்ணால் பார்த்துத்தான். 1753இல் லின்னேயஸ் பூவின் மகரந்தத் தாள்களை எண்ணி வகுத்தார். எண்ணுவதற்கு வசதி, உறவுக்கு உத்தரவாதம் இல்லை. பின்வந்தவர்கள் பூ, காய், விதை, மரக்கட்டை என்று பல அடையாளங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். பெரும்பாலும் சரியாகவே பார்த்தார்கள். அபி-அபி போன்றவைதாம் அவர்களை ஏமாற்றின. தேக்கும் நொச்சியும் இருந்த குடும்பத்தில் அதைச் சேர்த்தார்கள். சிலர் பொறுமை இழந்து, அதற்கென்றே தனிக் குடும்பம் வைத்தார்கள்.

பிறகு மரபணு வந்தது. அதன் முறை நமக்குப் பழக்கமானதுதான். ஓலைச்சுவடியைப் படியெடுப்பவர் ஓரிடத்தில் ஓர் எழுத்தைத் தவறவிடுகிறார். அந்தப் படியிலிருந்து எடுக்கப்படும் எல்லாப் படிகளிலும் அதே பிழை தொடரும். நூறு சுவடிகளைப் பக்கத்தில் வைத்துப் பிழைகளை ஒப்பிட்டால், எது எதிலிருந்து வந்தது என்று கிளை வரைந்துவிடலாம். பதிப்பாசிரியர்கள் செய்யும் வேலை இது. தாவரங்களில் சுவடிக்குப் பதில் ஒரு மரபணு. கரியமில வாயுவைப் பிடிக்கும் நொதியை உண்டாக்கும் மரபணு பச்சை இலை உள்ள எல்லாவற்றிலும் இருப்பதால், அதையே முதலில் எடுத்துக்கொண்டார்கள். 1993இல் 42 பேர் சேர்ந்து, 499 விதைத் தாவரங்களின் மரபணுவை ஒப்பிட்டு ஒரு பெரிய வம்சாவளியை வெளியிட்டார்கள். அதன் தொடர்ச்சியாக 1998இல் பூக்கும் தாவரங்களுக்கான புதிய வகைப்பாடு வந்தது. 2003, 2009, 2016 ஆகிய ஆண்டுகளில் திருத்தினார்கள். அபி-அபி கனகாம்பர வீட்டுக்குள் போனது இந்தக் கணக்கில்தான். அந்த வீட்டிலும் அதற்கு நெருக்கம், வேலிகளில் நீலப்பூ பூத்துத் தொங்கும் துன்பெர்ஜியா கொடி.

பெயரை ஏன் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்? பழைய பாடப்புத்தகம் பொய்யா?

பொய் இல்லை, பழையது. தேக்கு இப்போது துளசியின் குடும்பம். டுரியானுக்கும் இலவத்துக்கும் இருந்த தனிக் குடும்பம் செம்பருத்திக் குடும்பத்தில் கரைந்துவிட்டது. தேர்வு எழுதும் பிள்ளைகள் ஆசிரியர் சொன்னதை எழுதுங்கள், உண்மையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிதம்பரத்துத் தில்லை மரம் இங்கே உண்டா?

உண்டு. கேட்பவர்கள் பெரும்பாலும் பாட்டிமார்கள். கேட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிடப் போவார்கள். தொட வேண்டாம் என்று நான் குறுக்கே நிற்க வேண்டியிருக்கும். தில்லையின் பட்டையிலோ இலையிலோ கீறல் பட்டால் வெண்பால் வடியும். தோலில் பட்டால் கொப்புளம், கண்ணில் பட்டால் சில காலம் பார்வை போய்விடும். மலாய்க்காரர்கள் இதற்கு வைத்த பெயர் பூத்தா-பூத்தா. பூத்தா என்றால் குருடு.

சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் இந்த மரத்தால் வந்தது. ஊருக்குள் இன்று அந்தக் காடு இல்லை. பக்கத்துப் பிச்சாவரத்தில் இருக்கிறது. தில்லைவாழ் அந்தணர், தில்லை நடராசர் என்று வாயாரச் சொல்கிறோம். அந்தப் பெயருக்குப் பின்னால் கண்ணைக் கெடுக்கும் ஒரு சதுப்புநில மரம் நிற்கிறது என்று பலருக்கு இங்கே வந்துதான் தெரிகிறது.

அந்த வெண்பாலில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. தில்லை ஆமணக்குக் குடும்பம். மரவள்ளி அதே குடும்பம். நம் பால்மரமும் அதே குடும்பம். 1877இல் பிரேசில் வித்திலிருந்து வளர்ந்த 22 ரப்பர்க் கன்றுகள் லண்டன் வழியாகச் சிங்கப்பூர் வந்தன. அதில் ஒன்பது கோலா கங்சாரில் நடப்பட்டன. அதற்குப் பின் நடந்ததை இந்த நாட்டுத் தமிழ்க் குடும்பம் எதற்கும் நான் சொல்லத் தேவையில்லை. என் தாத்தா விடியலுக்கு முன், பால் பிடிக்கும் மங்கைத் துடைத்து வைத்துப் பால் வெட்டியவர். அவர் கும்பிட்ட சாமியின் ஊர் மரமும் அவர் வெட்டிய மரமும் பங்காளிகள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கூலி கூடியிருக்காது. ஆனாலும் அவருக்குப் பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கண்டல் என்பது தமிழ்ச் சொல்தானா?

ஆம், பழைய சொல். நெய்தல் திணைப் பாடல்களில் தாழை, புன்னை, ஞாழல் ஆகியவற்றோடு கண்டலும் வருகிறது. மலையாளத்திலும் கண்டல்தான். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் மலபார்த் தாவரங்களைத் தொகுத்தபோது உள்ளூர்ப் பெயர்களை அப்படியே எழுதிக்கொண்டார்கள். அங்கிருந்து அது தாவரவியலுக்குப் போய், பாக்காவின் நெருங்கிய உறவான ஒரு பேரினத்துக்குக் கண்டேலியா என்ற பெயராயிற்று. உலகத் தாவரவியலாளர் எல்லாரும் வாயில் ஒரு தமிழ்ச் சொல்லை வைத்திருக்கிறார்கள்.

ஜார்ஜ் டவுனில் இன்னொரு கேள்வியும் வரும்: நாசி கண்டாருக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? இல்லை. அது சோற்றுக் கூடைகளைத் தோளில் தூக்கிய காவடிக் கம்பு.

இந்த மரங்கள் எப்போது கடலுக்கு இறங்கின?

ஒரே நாளில் இல்லை. நிப்பாதான் மூத்தது. ஏறத்தாழ 7 கோடி ஆண்டுப் பழைய புதைபடிவங்கள் உண்டு. இன்றைய லண்டன் இருக்கும் இடத்துக் களிமண்ணில் நிப்பாக் காய்கள் கல்லாகிக் கிடக்கின்றன; அங்கே அப்போது நம்மூர் வெயில். பாக்காவ் கூட்டம் கடலோரத்துக்கு வந்தது ஏறத்தாழ 5.5 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமி திடீரென்று சூடேறிக் கடல் மட்டம் உயர்ந்த காலத்தை ஒட்டி என்று மரபணு ஆய்வு சொல்கிறது. அந்தக் குடும்பத்தில் கடலுக்கு வராமல் மேட்டிலேயே தங்கிவிட்டவையும் உண்டு. மெரான்சி என்று ஒரு மரம், உள்நாட்டுக் காட்டில் நிற்கும். அடிமரத்தில் சிறு ஊன்றுவேர் விடும்.

பினாங்கு மலைக் காட்டு மரங்களும் உறவா?

அவை வேறு வம்சம். மெராந்தி, கெருயிங் போன்ற பெருமரங்கள் குங்கிலிய மரக் குடும்பம். காய்க்கு இறக்கை இருக்கும்; உயரத்திலிருந்து பம்பரமாகச் சுழன்று விழும். இவற்றின் முன்னோர் ஆப்பிரிக்கப் பக்கமிருந்து இந்திய நிலத்துண்டுக்கு வந்து, அந்த நிலத்துண்டு வடக்கே நகர்ந்து ஆசியாவை முட்டியபோது இங்கே பரவின என்பது இப்போதைய கருத்து. குஜராத்தில் ஏறத்தாழ 5 கோடி ஆண்டுப் பழைய பிசின் கட்டிகள் கிடைத்திருக்கின்றன. அது இந்த மரங்களின் பிசின்தான். கப்பல் இல்லாத காலத்தில் இந்தியாவிலிருந்து மலாயாவுக்கு வந்தவை என்று நான் பிள்ளைகளிடம் சொல்வதுண்டு. கங்காணி கிடையாது, கடன் கிடையாது.

உறவு வேறு, கொடுக்கல் வாங்கல் வேறு. மலைக்கும் கடலுக்கும் கொடுக்கல் வாங்கல் நிறைய இருக்கிறது. பாலிக் புலாவ் டுரியானை எடுத்துக்கொள்ளுங்கள். டுரியான் பூ இரவில் மலர்கிறது. அதில் மகரந்தம் சேர்க்கும் முக்கியமான வௌவால், குகையில் வாழும் தேன் வௌவால். டுரியான் ஆண்டு முழுவதும் பூக்காது. மற்ற மாதங்களில் வௌவால் எங்கே சாப்பிடும்? பெரெம்பாங்கிலும் அதன் உறவான பெரெப்பாட்டிலும். அந்தப் பூவும் இரவுப் பூ. பவுடர் பூசும் பஞ்சுபோல மகரந்தத் தாள்கள் கொத்தாக விரிந்து, விடிவதற்குள் உதிர்ந்துவிடும். பத்துமலைக் குகை வௌவால்கள் முப்பது கிலோமீட்டருக்கு மேல் பறந்து கடற்கரைக் கண்டலுக்குப் போய் வந்ததை 1970களிலேயே ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். முருகன் குகை வௌவால், மருதாணிக் குடும்ப மரத்தில் தேன் குடித்து, செம்பருத்திக் குடும்ப டுரியானைக் காய்க்க வைக்கிறது. கடற்கரையில் மரத்தை வெட்டிவிட்டு மலையில் டுரியான் ஏன் குறைந்தது என்று கேட்டால் நான் என்ன சொல்வது?

2004 சுனாமியில் கண்டல் காடு மக்களைக் காப்பாற்றியதாமே?

கவனமாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. மலேசியாவில் 68 பேர் இறந்தார்கள், அதில் 52 பேர் பினாங்கில். பாசிர் பாஞ்சாங் போன்ற திறந்த மணற்கரைகளில் விடுமுறைக்குக் குளிக்க வந்தவர்கள் பலர்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கதிரேசனும் ராஜேந்திரனும் பரங்கிப்பேட்டைப் பகுதியில் 18 மீனவக் குடியிருப்புகளை ஆராய்ந்து, மரக்காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சாவு குறைவு என்று 2005இல் எழுதினார்கள். உலகமெங்கும் எடுத்துச் சொல்லப்பட்ட ஆய்வு. அடுத்த ஆண்டே வேறு அறிஞர்கள் அதே எண்களை மறுபடி போட்டுப் பார்த்தார்கள். அந்த ஊர்கள் மேட்டில் இருந்தன, கடலிலிருந்து தள்ளி இருந்தன. அதைக் கழித்துவிட்டால் மரத்துக்கு மிஞ்சும் பங்கு சொற்பம் என்றார்கள். நான் இரண்டையும் சொல்லிவிடுவேன். நம் கட்சிக்குச் சாதகம் என்பதற்காக அரைகுறைச் சான்றைத் தூக்கிப் பிடித்தால், ஒரு நாள் அது நம் தலையிலேயே விழும்.

சுனாமி நூற்றாண்டில் ஒருமுறை. காற்றால் எழும் அலை அன்றாடம். அங்கே சான்று வலுவானது: 100 மீட்டர் அகலக் கண்டல் காடு அலையின் உயரத்தை 13 முதல் 66 விழுக்காடு வரை குறைக்கிறது. கரையைத் தினந்தோறும் அரிப்பது அந்த அலைதான்.

மீனுக்கும் நண்டுக்கும் இதனால் என்ன?

கொடுவா, இறால், சேற்று நண்டு மூன்றும் குஞ்சுப் பருவத்தில் வேர்களுக்கிடையே ஒளிந்து வளர்கின்றன. குவே தியாவ் கோரெங்கில் போடும் கெராங் மட்டி, காட்டுக்கு வெளியே உள்ள மென்சேற்றில் விளைகிறது. சந்தையில் விலை கேட்டுவிட்டு வாருங்கள், மீதியைப் பேசுவோம்.

கரியமிலக் கணக்கு என்கிறார்களே?

மரத்தைவிட அடியிலுள்ள சேறுதான் கணக்கில் பெரியது. காற்றில்லாத சேற்றில் இலையும் வேரும் மக்குவதில்லை. நூற்றாண்டுக்கணக்கில் அடுக்கடுக்காகத் தங்கிவிடும். காலை அழுத்தினால் வரும் அழுகிய முட்டை நாற்றம் அதன் அடையாளம். இந்தியப் பெருங்கடல், பசிபிக் பகுதிகளில் 25 கண்டல் காடுகளை அளந்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஹெக்டேருக்குச் சராசரி 1,023 டன் கரிமம் இருப்பதாகச் சொன்னார்கள். பெரும்பங்கு மண்ணுக்குள். காட்டை அழித்து இறால் குளம் தோண்டினால், சேறு காற்றுப் பட்டு, சேமித்ததை வெளியே விடத் தொடங்கிவிடும்.

மொத்தத்தில் இந்தக் காட்டின் மதிப்பு எத்தனை ரிங்கிட்?

1997இல் சில அறிஞர்கள் உலக இயற்கை முழுவதும் ஆண்டுதோறும் செய்துதரும் வேலைக்கு விலை போட்டார்கள். 33 இலட்சம் கோடி டாலர் என்று வந்தது. அன்றைய உலக உற்பத்தியைவிட அதிகம். அந்த எண்ணை மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. விலை போட்டுவிட்டால், அதைவிட ஒரு ரிங்கிட் கூடக் கொடுப்பவன் வந்து நிற்பான்.

எனக்குப் பிடித்த கணக்கு மாத்தாங். பேராக் கடற்கரையில் 40,000 ஹெக்டேர் கண்டல் காடு, 1902 முதல் வனத்துறை மேற்பார்வையில் இருக்கிறது. பாக்காவை 30 ஆண்டுச் சுழற்சியில் வெட்டுகிறார்கள். நடுவே 15 வயதிலும் 20 வயதிலும் நெருக்கத்தைக் குறைக்க இடைவெட்டு. அந்தக் கம்புகள் கட்டட வேலைக்குப் போகும். மீதி கரிச் சூளைக்கு. கோலா செப்பெத்தாங்கில் கவிழ்த்த கிண்ணம்போலச் செங்கல் சூளைகள் நிற்கின்றன. மரம் கரியாகி ஆறி வெளியே வர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சூளையின் புகை நிறத்தையும் நாற்றத்தையும் வைத்தே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். அந்த ஊரின் பழைய பெயர் போர்ட் வெல்ட். 1885இல் தைப்பிங்கிலிருந்து மலாயாவின் முதல் ரயில் ஓடியது அங்கேதான். தண்டவாளம் போய்விட்டது, பெயர்ப்பலகை இருக்கிறது. அதில் தமிழ் எழுத்தும் இருக்கிறது.

மாத்தாங் குறை இல்லாதது என்று சொல்லமாட்டேன். வெட்டும் பகுதிகளில் பாக்காவ் மட்டும் வரிசை கட்டி நிற்கும்; நம் கனகாம்பரச் சொந்தமும் வேம்புச் சொந்தமும் ஓரத்துக்குப் போய்விட்டன. இருந்தும், நூறு ஆண்டு வெட்டிய பிறகும் காடாகவே இருக்கிறது.

வெட்டிய இடத்தில் கன்று நட்டுவிட்டால் போதாதா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய நிறுவனம் கன்று நடும் விழா நடத்தியது. பெயர் வேண்டாம். எங்களுக்கு டி-சட்டை, தொப்பி, பொட்டலச் சோறு எல்லாம் கொடுத்தார்கள். திறந்த சேற்றுவெளியில், கடலை ஒட்டி, நூற்றுக்கணக்கில் பாக்காவ் முளைகளைக் குத்தினோம். பாக்காவின் விதை தாய்மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய்போல நீண்டு தொங்கும். அதை எடுத்துச் சேற்றில் செருகினால் வேலை முடிந்தது. புகைப்படம் எடுத்தார்கள். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். சேற்றில் ஒரு செருப்பு போனது.

மறு ஆண்டு போய்ப் பார்த்தேன். இருபதுகூட எண்ண முடியவில்லை. நின்றவற்றின் தண்டு முழுக்கப் படகடியில் ஒட்டுமே, அந்தக் கொட்டலசு. கனத்தில் கன்று சாய்ந்துகிடந்தது.

பிழை என்ன தெரியுமா? அந்த இடம் பாக்காவின் இடமே இல்லை. நீண்ட நேரம் தண்ணீரில் மூழ்கும் முன்வரிசை அபி-அபிக்கும் பெரெப்பாட்டுக்கும் உரியது. அவை சேற்றைப் பிடித்து மேடாக்கிய பிறகுதான் பின்னால் பாக்காவ் வரும், அதற்கும் பின்னால் நீரே, தில்லை. ஒவ்வொரு குடும்பமும் தன் முன்னோர் மேட்டிலிருந்து கொண்டுவந்த உடம்பை வைத்துக்கொண்டு உப்பை வேறு வேறு விதமாகச் சமாளிக்கிறது. அபி-அபி உள்ளே விட்டு இலையில் தள்ளுகிறது. பாக்காவ் பெரும்பாலும் வேரிலேயே தடுத்துவிடுகிறது. யார் எந்தக் குடும்பம் என்று தெரியாமல் நடுவது, சம்பந்தியை மாற்றி உட்கார வைத்த கல்யாணப் பந்தி மாதிரி.

நாம் மட்டும் இந்தத் தவறைச் செய்யவில்லை. சுனாமிக்குப் பின் இலங்கையில் கன்று நட்ட 23 இடங்களைப் பிறகு ஆராய்ந்தபோது, ஒன்பதில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பல இடங்களில் நடவே வேண்டியதில்லை. கைவிட்ட இறால் குளத்தின் வரப்பை உடைத்துக் கடலை உள்ளே விட்டால், விதைகள் தாமே மிதந்து வந்து சேரும். எந்த விதை எங்கே தங்க வேண்டும் என்று அலைக்குத் தெரியும். நட்டுத்தான் ஆகவேண்டும் என்றால், பினாங்கு கரையோர மீனவர் நலச் சங்கத்தினரிடம் கேளுங்கள். 1990களின் பிற்பகுதியிலிருந்து நட்டுவருகிறார்கள். எங்கே படகு தட்டும், எங்கே சேறு ஏறும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு டி-சட்டை கொடுப்பவர்களுக்குத் தெரியாது.

எங்கே போய்ப் பார்க்கலாம்?

படகு வேண்டாம் என்பவர்கள் பாலிக் புலாவில் கோலா சுங்கை பினாங்குப் பக்கம் போகலாம். இரண்டாம் பாலத்தில் பெருநிலத்துக்குப் போனால் பத்து காவான் கரையில் பச்சை விளிம்பு தெரியும். ஓட்டுநர் பார்க்க வேண்டாம். நிபோங் திபாலில் கெரியான் ஆற்றில் இரவுப் படகு எடுத்தால் பெரெம்பாங் மரத்தில் மின்மினி பார்க்கலாம். மின்மினியின் புழு மரத்தில் வாழ்வதில்லை, கரையோர ஈரமண்ணில் நத்தை தின்று வளர்கிறது. மரத்தை விட்டுவிட்டுக் கரையைச் சுத்தம் செய்தாலும் விளக்கு அணைந்துவிடும்.

நடக்க முடியாத பெரியவர்களைத் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் பக்கத்திலுள்ள தாவரவியல் பூங்காவுக்கு அழைத்துப்போங்கள். 1884இல் தொடங்கியது. அங்கே நாகலிங்க மரம் இருக்கிறது. பூவைக் காட்டினால் அவர்களே மீதியைச் சொல்லுவார்கள். அதன் குடும்பத்தில் ஒன்றுதான் நம் கடற்கரையில் நிற்கும் பூத்தாட் மரம். 2021இல் யுனெஸ்கோ அறிவித்த பினாங்கு மலை உயிர்க்கோளக் காப்பகத்தில் மலை, இந்தப் பூங்கா, தெலுக் பஹாங் தேசியப் பூங்காவின் கடல் எல்லாம் சேர்ந்தே இருக்கின்றன.

கண்டல் காட்டில் சாப்பிட ஏதாவது கிடைக்குமா?

பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளைகள் கேட்பது. ஐஸ் கச்சாங்கில் கண்ணாடிபோல வழுவழுப்பாக வருமே, அது நிப்பாவின் இளங்காய். பெரெம்பாங் காய் புளிக்கும், சமைக்கிறார்கள். மற்றதில் கை வைக்க வேண்டாம். தில்லை பற்றி மேலே சொல்லியிருக்கிறேன்.

வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

முழுக்கைச் சட்டை, தண்ணீர், கொசு மருந்து, பழைய கட்டுக்காலணி. செருப்பு வேண்டாம், காரணம் தெரியும். நேரத்தை நான் வைப்பதில்லை, கடல் வைக்கிறது. தண்ணீர் வற்றும் வேளையைப் பார்த்து முதல் நாள் இரவு செய்தி அனுப்புவேன். காலை ஆறரை என்றால் ஆறரை. ஏழு மணிக்கு வருபவர்களுக்கு அபி-அபியின் மூச்சு வேர் கிடைக்காது, அதற்கு மேல் நிற்கும் தண்ணீர்தான் கிடைக்கும்.